ஒரே முதலாளி, பல மைக்குகள்

ஆசிரியருக்கு வணக்கம். ஊடக நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும்போதெல்லாம் 'சேனல்கள்தான் நிறைய இருக்கின்றனவே, பிறகு என்ன?' என்று சிலர் கேட்கிறார்கள். செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேனல்களை எண்ணிப் பயனில்லை, அவற்றின் முதலாளிகளை எண்ணுங்கள் என்பேன்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1996-இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்படும்வரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 வானொலி நிலையங்கள்தான் வைத்திருக்கலாம். அந்த வரம்பை நீக்கிய சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைக் கைப்பற்றியது. 2018-இல் சின்க்ளேர் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான தொலைக்காட்சி நிலையங்களின் செய்தி வாசிப்பாளர்கள் பலரும் தலைமை அலுவலகம் எழுதித்தந்த ஒரே வாசகத்தை அப்படியே ஒப்பித்தார்கள். அந்தக் காட்சிகளைத் தொகுத்து யாரோ அருகருகே ஓடவிட்டபோதுதான் மக்களுக்கே தெரிந்தது. (எல்லோர் முகத்திலும் அதே கவலை வேறு!)

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பத்திரிகை, தொலைக்காட்சி இரண்டையும் ஒரே கை பிடித்துவிடாமல் கட்டுப்பாடு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014-இலேயே பரிந்துரைத்தது. அதே ஆண்டு ரிலையன்ஸ், பல செய்திச் சேனல்களை நடத்தும் நெட்வொர்க்18-ஐ வாங்கியது. 2022-இல் என்டிடிவி அதானி குழுமத்திடம் போனது. பரிந்துரை சட்டமாகவில்லை.

முதலாளி யாரும் தொலைபேசியில் மிரட்ட வேண்டியதில்லை. அவருடைய துறைமுகம், சிமென்ட், தொலைபேசிச் சேவை பற்றிய செய்தி வந்தால் உதவி ஆசிரியர் தானாகவே அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். சரி, சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, உரிமையாளரின் மற்ற தொழில்கள் பற்றிய செய்தி வந்தால், அதன் கீழே அந்த உறவை ஒரு வரியில் சொல்லட்டும். உங்கள் பத்திரிகையும் இதைத் தொடங்கலாமே?

— ஓய்வு பெற்ற உதவி ஆசிரியர்