டயட் அட்டவணையில் சைக்கிள் மிதிக்கும் நேரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடை குறைப்பதற்கான உணவு அட்டவணைகள் நாளிதழ் இணைப்புகளில் தொடர்ந்து வருகின்றன. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ, கீட்டோ, பதினாறு மணிநேர விரதம், சிறுதானியம் மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல். அவற்றைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்பவர்களில், காலை ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருகிறவர்களும் உண்டு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்காகப் போட்ட பட்டியலை நம்பி, மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் 90 கிலோமீட்டரை மிதிப்பது சரியல்ல. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தசைகளில் 300 முதல் 400 கிராம், கல்லீரலில் 80 முதல் 100 கிராம். சராசரி ஆளின் உடம்பு கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ இவ்வளவுதான். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால், விடிவதற்குள் கல்லீரலில் இருப்பதில் கணிசமான பங்கு கரைந்துவிடும். சமதளத்தில் நல்ல வேகத்தில் மிதித்தால் மணிக்கு 400 முதல் 600 கலோரி செலவாகும். வேகம் கூடக் கூட அதில் மாவுச்சத்தின் பங்கும் ஏறும். எனவே திருவான்மியூரில் வெறும் வயிற்றோடு கிளம்பியவர் போகும்போது சுகமாகப் போய்விடுவார். திரும்பும்போது, கோவளம் தாண்டி முட்டுக்காடு பாலம் வருவதற்குள், கால் சட்டென்று கனக்கும். விரல் நடுங்கும், குளிர்ந்த வியர்வை வழியும், பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழுந்தும் ஒதுங்கத் தோன்றாது. பலர் இதைத் தண்ணீர்த் தாகம் என்று எண்ணி இன்னும் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கிறார்கள். அந்த நேரத்தில் உடம்பு கேட்பது சர்க்கரையை. இரண்டு வாழைப்பழமோ, நிறையச் சர்க்கரை போட்ட ஒரு டீயோ உள்ளே போனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிவு வரும். அதுவரை சாலையோர நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். சைக்கிள் மேல் ஏறக் கூடாது.

பேலியோ என்ற பெயரில் நம் ஊரில் பரவியிருப்பது காலையில் நூறு பாதாம், மதியம் காலிஃபிளவர் சாதம், இரவில் முட்டையோ பன்னீரோ, இடையில் பட்டர் டீ. நூறு பாதாமில் சுமார் 700 கலோரி இருக்கிறது, கலோரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பு. ஒரே அளவு ஆற்றலைக் கொழுப்பிலிருந்து எடுக்க, மாவுச்சத்துக்கு ஆவதைவிடக் கூடுதல் ஆக்சிஜன் செலவாகும். மெதுவாக மிதிக்கும்போது இது உறைக்காது. மேம்பாலத்தில் ஏறும்போதும் எதிர்காற்றில் குழுவோடு ஓடும்போதும் மூச்சு முட்டும். ஆஸ்திரேலியாவில் விளையாட்டு ஊட்டச்சத்து ஆய்வாளர் லூயிஸ் பர்க் குழுவினர் முன்னணி வேகநடை வீரர்களுக்கு மூன்று வாரம் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. கொழுப்பை எரிக்கும் திறன் அவர்களுக்குக் கூடியது. ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. பயிற்சியால் கிடைத்திருக்க வேண்டிய முன்னேற்றம் கிடைக்காமல் போனது.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்ற மகிழ்ச்சிக்கும் விளக்கம் உண்டு. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் கிளைகோஜன் தீர்கிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. சென்னைப் புழுக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர் முதலில் இழக்கக் கூடாதது அந்தத் தண்ணீரைத்தான்.

எடை குறைய வேண்டுமென்றால் சைக்கிள் எடுக்காத நாட்களில் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு மணிநேரத்துக்குள் முடியும் மெதுவான சவாரிக்கு வெறும் வயிற்றோடும் போகலாம். பதினாறு மணிநேர விரதம் இருப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை முன்னால் நகர்த்தினால் போதும். காலை எட்டு மணிக்குச் சவாரி முடித்துப் பகல் பன்னிரண்டு வரை பட்டினி கிடப்பதைவிட, எட்டரைக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடித்துக்கொள்ளலாம். தீர்ந்த கிளைகோஜனைத் தசை மிக வேகமாக நிரப்பிக்கொள்வது சவாரி முடிந்த முதல் சில மணிநேரத்தில்தான்.

இனி சமையல். நீண்ட சவாரிக்கு ஒரு மணிநேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்ட காபி என்றால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும். இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் வேண்டாம். கைப்பிடியில் குனிந்து மிதிக்கும்போது வயிறு மடங்கி அழுந்துகிறது. எண்ணெய் இரைப்பையில் தங்கி நிற்கிறது. காரம் புளித்த ஏப்பமாக நெஞ்சுக்கு ஏறுகிறது. நாட்டுச் சர்க்கரை தொட்டுக்கொள்ளுங்கள், அல்லது மிளகாய் சேர்க்காமல் அரைத்த பருப்புப்பொடியில் சில சொட்டு நெய் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் என்ன ஊற்றுவது என்பதுதான் சென்னையில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். விடியற்காலை வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, உடம்பு குளிர்வதில்லை, மேலும் வியர்க்கிறது. கத்திரி நாட்களில் சொல்லவே வேண்டாம். 750 மில்லி பாட்டிலுக்கு 30 கிராம் சர்க்கரை, அதாவது தலைதட்டி ஏழு டீஸ்பூன். உப்பு கால் டீஸ்பூன். அரை எலுமிச்சம்பழச் சாறு. முதலில் சர்க்கரையையும் உப்பையும் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துவிட்டுப் பிறகு குளிர்ந்த நீர் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அடியில் தங்கி, கடைசி மடக்கு பாகாக இருக்கும். இனிப்பு கூடினால் பலம் கூடும் என்று இரண்டு மடங்கு சர்க்கரை போடுகிறார்கள். நூறு மில்லிக்கு எட்டு கிராமைத் தாண்டினால் இரைப்பை அதைக் கீழே தள்ளத் தாமதிக்கும். வயிறு குலுங்கி, வாந்தி வருவதுபோல் இருக்கும். உப்பை விட்டுவிட்டு வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பது அதைவிட மோசம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று மருத்துவமனை வரை கொண்டுபோய் விடும். சிறுநீரகக் கோளாறோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் இந்த உப்பு அளவை மருத்துவரிடம் காட்டிவிட்டே பயன்படுத்த வேண்டும். இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பும் உள்ளே போக வேண்டும்.

ஒருவருக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பதை வீட்டுத் தராசே சொல்லிவிடும். கிளம்புமுன் குறைந்த உடையில் எடை பார்க்க வேண்டும். திரும்பியதும் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். 62 கிலோ 60.8 ஆகியிருக்கிறது, இடையில் 750 மில்லி குடித்தாயிற்று என்றால், போன வியர்வை ஏறத்தாழ இரண்டு லிட்டர். இரண்டு மணிநேரச் சவாரி என்றால் மணிக்கு ஒரு லிட்டர். அடுத்த முறை எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இறங்காத அளவுக்குக் குடித்தால் போதும். குறைந்ததை முழுவதும் வழியிலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை. திரும்பி வந்தபோது எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறோம் என்று பொருள்.

அந்த பாட்டிலைக் கழுவுவதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் ஒரு பகல் மிச்சமிருந்தால் போதும், உறிஞ்சும் மூக்கின் உள்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும். மூக்கைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்துத் தேய்த்து, மூடாமல் கவிழ்த்து உலர்த்த வேண்டும்.

இரண்டு மணிநேரத்துக்கு மேல் போகிறவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். பாட்டிலில் 30 கிராம் வந்துவிடுகிறது. மீதிக்கு அவல் உருண்டை. விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்துவிடும். கெட்டி அவல் 100 கிராம், வெல்லம் 60 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 50 கிராம், உப்பு அரை டீஸ்பூன், நெய் ஒரு டீஸ்பூன். அவலை எண்ணெய் விடாமல் சிறு தீயில் வறுக்க வேண்டும். விரலில் எடுத்து நசுக்கினால் பொடிய வேண்டும். ஆறியதும் ரவை பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். வெல்லத்தை மூன்று மேசைக்கரண்டி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றிப் பிசுபிசுப்பு வந்ததும் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதத்துக்கு விட்டால் உருண்டை ஆறியதும் கல்லாகிவிடும். ஓடும் சைக்கிளில் ஒரு கையால் கடிக்க முடியாது. முன்னாலேயே இறக்கினால் ஜெர்சிப் பையின் சூட்டில் உதிர்ந்து மாவாகும். மசித்த பேரீச்சம்பழம், உப்பு, நெய், அவல் பொடி எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, சூடு இருக்கும்போதே எட்டு உருண்டை பிடித்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கி வையுங்கள். தேங்காய்த் துருவல் சேர்க்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் ஒரே நாளில் சிக்கு வாடை அடிக்கும். முதல் உருண்டையைக் கிளம்பிய முக்கால் மணிநேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். பசி தெரிந்த பிறகு என்றால் நேரம் கடந்துவிட்டது.

கடலை மிட்டாய் எல்லோர் பையிலும் இருக்கிறது. கடலையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. மிதித்துக்கொண்டிருக்கும்போது செரிக்க மெதுவாகும். டீக்கடையில் நின்று ஓய்வெடுக்கும்போது சாப்பிட ஏற்றது.

வீடு திரும்பியதும் மாவுச்சத்தோடு 20 கிராம் புரதமும் வேண்டும். இதற்குப் பொங்கலைப் போல ஒத்துவரும் உணவு வேறில்லை, அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவாக இருந்தால். ஓட்டல் பொங்கலில் பருப்பு குறைவு, நெய்யும் முந்திரியும் அதிகம். ஒருவருக்கு அரிசி 50 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம். பருப்பை மட்டும் வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, இரண்டையும் கழுவி, ஐந்து பங்கு தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில். ஒரு டீஸ்பூன் நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை. பருப்பை வறுக்காமல் போட்டால் கொழகொழவென்று பசையாகி, இரண்டாம் வாய் இறங்காது. இதில் 16 கிராம் புரதம் இருக்கிறது; ஒரு அவித்த முட்டையோ, 200 கிராம் தயிரோ சேர்த்தால் வேண்டிய அளவு வந்துவிடும். சவாரி முடித்த குழுக்கள் ஓட்டலில் பூரியும் வடையும் வாங்கிச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் கூட ஒரு கிண்ணம் சாம்பாரும் வீட்டுக்கு வந்து முட்டையோ சுண்டலோ இல்லையென்றால், அன்று முழுவதும் தசைக்கு வேண்டியது போய்ச் சேராது. நாள் முழுக்கக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்பது அளவு. சைவ உணவுக்காரர்கள் இதைத் தயிர், பருப்பு, சுண்டல், சோயா என்று மூன்று வேளைக்கும் பிரித்துப் போட்டால்தான் எட்ட முடியும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை ஒரு மணிநேரம் தள்ளிப்போடுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை அவை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன.

சிறுதானியத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் நார்ச்சத்து அதிகம் என்பதால் நீண்ட சவாரிக்கு முந்தைய இரவு கம்பு, கேழ்வரகு, கொண்டைக்கடலை, கொள்ளு எதுவும் வேண்டாம். காலையில் வயிறு உப்பி, வழியில் கழிப்பறை தேட வைக்கும். அன்று இடியாப்பமோ தயிர்சாதமோ போதும். கூழும் சுண்டலும் சவாரி முடிந்த மதியத்துக்கு.

தொடர்ந்து குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு அதிகமாக மிதிப்பவர்களுக்கு மாதவிடாய் நிற்பது, எலும்பில் விரிசல், அடிக்கடி சளி, தூக்கம் கெடுவது என்று கோளாறுகள் வரிசையாக வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இது பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் வரும் என்று அறிக்கை வெளியிட்டது. மாதவிடாய் தள்ளிப்போவதைப் பயிற்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்த டயட் அட்டவணை வெளியிட்டாலும், அது எவ்வளவு உடலுழைப்பு உள்ளவருக்குப் போட்டது என்று ஒரு வரி சேருங்கள். இன்னொரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களும் மாவுச்சத்தை நிறுத்திவிட்டுச் சைக்கிள் ஓட்டினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் கீட்டோவுக்குப் போனால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரலாம். மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்காமல் அந்த அட்டவணையின் முதல் நாளைத் தொடங்கக் கூடாது.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்,
திருவான்மியூர், சென்னை – 41.