பணம் கட்டச் சொல்வதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள்

ஒன்லைன் தாதியர் பட்டப்படிப்புகளை விளம்பரப்படுத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் முகவர்களுக்கும்,

வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் அரச வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்யும் தாதிய உத்தியோகத்தர். மூன்று வருட டிப்ளோமா முடித்துப் பதினொரு வருடமாகிறது. பட்டம் ஒன்று எடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை பேஸ்புக்கில் உங்கள் விளம்பரத்தைத் தொட்டேன், அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு அழைப்பாவது வருகிறது. அழைப்பவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். "மிஸ், இந்தக் கிழமைக்குள்ள சேர்ந்தா கட்டணத்தில கழிவு இருக்கு" என்கிறார்கள். நான் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் எழுத்தில் பதில் தருவதில்லை. இந்தப் பட்டம் எனக்கு எங்கெங்கே செல்லும்?

ஏன் இவ்வளவு பயம் என்று நினைப்பீர்கள். என்னோடு ஒரே பேட்ச்சில் படித்த தோழி கல்முனைப் பக்கம் வேலை செய்கிறாள். 2021இல் ஒரு வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். மாதத் தவணை 100 டொலர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 20,000 ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாய் விழத் தொடங்கியது. மே மாதம் அதே 100 டொலருக்கு 36,000 ரூபாய் தேவைப்பட்டது. சம்பளம் அதேதான். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, அதற்கு நடுவில் இந்தத் தவணை. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினாள், அப்புறம் காப்பை அடகு வைத்துக் கட்டினாள். கடைசியில் சான்றிதழ் கைக்கு வந்தபோது அதில் இருந்த பெயர் சுகாதார முகாமைத்துவம். தாதியம் என்ற சொல்லே அதில் இல்லை. விண்ணப்பத்தின் உள்பக்கத்தில், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அது சரியாகத்தான் போட்டிருந்ததாம். போனில் பேசியவர் மட்டும் கடைசிவரை 'நேர்சிங் டிகிரி' என்றே சொல்லியிருக்கிறார். அந்தச் சான்றிதழ் வந்த உறையோடு அப்படியே அவளுடைய அலுமாரியில், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன். 'சர்வதேச அங்கீகாரம்' என்று போடுகிறீர்களே, அதைக் கொடுத்தது யார்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அது கொமன்வெல்த் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைந்நூலிலோ இருக்கிறதா என்றுதான் நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. உள்ளூர் தனியார் நிறுவனமே பட்டம் வழங்குகிறது என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் இருக்க வேண்டும். அதன் இலக்கத்தையும் திகதியையும் விளம்பரத்திலேயே போடுங்கள். கையில் இருந்தால் இரண்டு வரி வேலைதானே.

விளம்பரத்தில் போடும் 'லெவல் 6' என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள். பிரித்தானியாவில் அது இளமாணிப் பட்டத்தின் மட்டம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் 90 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் புள்ளி) கொண்ட மூன்று வருட இளமாணி ஐந்தாம் மட்டம், 120 கிரெடிட் கொண்ட நான்கு வருடச் சிறப்பு இளமாணி ஆறாம் மட்டம். இரண்டு நாட்டிலும் எண் 6 என்பதால் இரண்டும் ஒன்றென்று எங்களில் பலர் நம்பிவிடுகிறோம். நீங்கள் விற்கும் டொப்-அப் என்பது பிரித்தானியாவின் 360 கிரெடிட் சிறப்புப் பட்டத்தின் (அங்கே கிரெடிட் கணக்கு வேறு) கடைசி 120ஐ மட்டும் படிப்பது. படிப்பு நல்லதாகவே இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை முடித்தால் லண்டனில் வேலை என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அங்கே தாதியாகப் பதிவதற்குக் கணினிப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை, ஆங்கிலத் தேர்ச்சி எல்லாம் தனியாக வேண்டும். டொப்-அப் பட்டம் அந்தப் பதிவைத் தராது. அமெரிக்காவில் பதிவுபெற்ற தாதியருக்கென்று நடக்கும் ஒன்லைன் பட்டங்களில் பெரும்பாலானவை அந்நாட்டு உரிமம் இருப்பவர்களுக்கானவை. இதையெல்லாம் சேர்ந்த பிறகா நாங்கள் தெரிந்துகொள்வது?

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் டியூட்டி காலை 7 முதல் 1, பகல் 1 முதல் இரவு 7, இல்லாவிட்டால் இரவு 7 முதல் மறுநாள் காலை 7. வாரம் ஒரு மாதிரி மாறும். உங்கள் நேரடி வகுப்போ எப்போதும் இரவு 8 மணிக்கு. போன மாரியில் உங்களில் ஒருவருடைய இலவச வகுப்பில் இருந்து பார்த்தேன். குசினி மேசையில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டேன். கொட்டுகிற மழையில் கரண்ட் போய் வகுப்பும் அறுந்தது. மறுநாள் வகுப்பின் ஒளிப்பதிவைத் தரச் சொல்லிக் கேட்டேன், பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். சரி. பணம் கட்டியவர்களுக்காவது அது எத்தனை நாள் கிடைக்கும்? நைட் டியூட்டியால் வகுப்புத் தவறினால் வரவு குறையுமா? பரீட்சையை எங்கே வைத்து எழுதுவது?

திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாமே என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் யோசிக்கிறேன். 1980இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகம், தாதியருக்கென்றே பட்டம் இருக்கிறது, மட்டக்களப்பிலேயே நிலையமும் இருக்கிறது. பட்டம் செல்லுமா என்ற கேள்வி அங்கே எழாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டம் உயர்தரம் முடித்து வரும் பிள்ளைகளுக்கான முழுநேரப் படிப்பு, வேலையை விட்டுவிட்டு நான் அங்கே போக முடியாது. உங்கள் படிப்பையும் திறந்த பல்கலைக்கழகப் படிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இத்தனையும் கேட்கிறேன்.

பாடம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஒப்பந்தத்தையாவது தமிழில் தாருங்கள். சான்றிதழில் வரப்போகும் பட்டத்தின் முழுப் பெயர், மொத்தக் கட்டணம் ரூபாயில், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது, இவை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். என் டிப்ளோமாச் சான்றிதழையும் தாதியர் பதிவுச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வந்த அன்றே அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர்