தோலில் ஒட்டும் புற்றுநோய் மருந்து: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

செடிகொடிகளிலிருந்து எடுக்கும் புற்றுநோய் மருந்துகளை இனி பேட்ச்சாகத் தோலில் ஒட்டிக்கொண்டால் போதும், ஊசியும் டிரிப்ஸும் வேண்டாம் என்கிற தொனியில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆராய்ச்சி நடப்பது உண்மை, நடக்கவும் வேண்டும். ஆனால் பாதி கீமோவில் இருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்தால் பேட்ச் வந்துவிடுமே என்று அடுத்த சுற்றைத் தள்ளிப்போட்டால் என்ன ஆவது? அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

தோலின் மேலடுக்கு மிக மெல்லியது, ஆனாலும் எதையும் லேசில் உள்ளே விடாது. மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருந்தால்தான் ஒரு மருந்து அதைத் தாண்டும் என்பது பொதுவான கணக்கு. நிகோட்டின் 162, வலிக்குக் கொடுக்கும் ஃபென்டனில் 336, அதனால் இரண்டும் பேட்ச்சாக வந்துவிட்டன. ஆனால் புற்றுநோய் மருந்துகளில், நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின் 825, பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டுபிடித்த பாக்லிடாக்சல் 854, இரண்டுமே அந்த எல்லையைத் தாண்டியவை. சரி, நுண்ணூசியால் துளை போட்டு அந்தத் தடையைத் தாண்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் கொடுக்க வேண்டிய மருந்தின் அளவு இடிக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாக்லிடாக்சல் ஏற்றும்போது உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 175 மி.கி. என்பது வழக்கமான அளவு, 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 280 மி.கி. ஆகிவிடும். வழக்கமாகக் கிடைக்கும் நிகோட்டின் பேட்ச்சில் பெரியதே ஒரு நாளைக்கு 21 மி.கி.தான் கொடுக்கிறது.

வின்கிறிஸ்டினுக்கு அளவு பிரச்சினை இல்லை, ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மி.கி.யைத் தாண்டாது. ஆனால் அது ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள சதையே புண்ணாகி அழுகிவிடக்கூடும். மருந்து ஏறும்போது நர்ஸ் ஊசி போட்ட இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் 'எரியுதா, வலிக்குதா' என்று கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட மருந்தைத் தோலுக்குள்ளேயே மணிக்கணக்கில் தேக்கிவைத்தால் தோல் தாங்குமா? மருந்தைச் சுமந்து செல்லும் மிகச் சிறிய நானோ துகள்கள் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய கட்டுரையாளர் இதைக் கேட்கவே இல்லை.

கட்டி தோலிலேயே இருந்தால் கதை வேறு. மருந்து உடல் முழுக்கப் போக வேண்டியதில்லை, அந்த இடத்துக்குப் போனால் போதும், எனவே முதல் பலன் அங்கேதான் வரும் என்று நான் நம்புகிறேன். அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். யூஃபோர்பியா பெப்லஸ் என்ற செடியின் பாலில் கிடைத்த இன்ஜெனால் மெபுடேட், வெயிலால் வந்து பின்னாளில் புற்றாக மாறக்கூடிய தோல் திட்டுகளுக்குப் பூசும் ஜெல்லாக 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூசிய இடத்திலேயே தோல் புற்றுநோய் வரலாம் என்ற கவலையால் 2020-ல் ஐரோப்பாவில் அது விற்பனையிலிருந்து போய்விட்டது. மூலிகைதானே, மேலே ஒட்டுவதுதானே, என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர், அவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

அப்புறம், புற்றுநோயாளிகளுக்கு ஏற்கெனவே உதவும் பேட்ச்களைக் கட்டுரை சொல்லவே இல்லை. கீமோ வாந்திக்கு ஏழு நாள்வரை ஒட்டிவைக்கும் கிரானிசெட்ரான் இருக்கிறது. வலிக்கு மூன்று நாள் நிற்கும் ஃபென்டனில் இருக்கிறது. இந்த ஃபென்டனில் பேட்ச்மேல் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து வேகமாக இறங்கி மூச்சே தடைபடலாம். கழற்றிய பிறகும் அதில் மருந்து மிச்சமிருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்த வேண்டும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அடுத்த இதழில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள், கூடவே கீமோவை யாரும் நிறுத்த வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநராக வேலை செய்யும் ஒரு வாசகி