எக்ஸோஸ் மாட்ட வந்தவரிடம் ஏன் கார்ப்ரேட்டர் வேலையும் சொன்னோம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள், சிலர் எங்களுக்கே அனுப்பியும் வைத்தீர்கள். "எக்ஸோஸ் மாட்டத்தான் போனேன், கார்ப்ரேட்டர் வேலையையும் தலையில் கட்டிக் காசு பிடுங்கிவிட்டார்கள்" என்பது அதன் சாரம். (எக்ஸோஸ் என்றால் புகைக்குழாய், கார்ப்ரேட்டர் என்றால் காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்.) பேசியவர் யாரென்று தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை. அவரும் நம்மவர்தான். கூலி அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். தேவையில்லாத வேலையைச் செய்தோம் என்று சொன்னதுதான் மனதைக் குத்துகிறது. சுங்கை சிப்புட் மாதிரி ஒரு சின்ன டவுனில் இருந்துகொண்டு, ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் பழைய டுகாட்டி, மோட்டோ குஸி வண்டிகளை நம்பிக் கொண்டுவருகிறார்கள் என்றால் அந்த நம்பிக்கைதான் எங்கள் முதல்.

நடந்தது இதுதான். வண்டி டுகாட்டி மான்ஸ்டர் 900, கார்ப்ரேட்டர் மாடல். 904 சிசி, காற்றில் குளிரும் என்ஜின், இரண்டு 38 மில்லிமீட்டர் மிக்குனி கார்ப்ரேட்டர். எங்களிடம் வரும்போதே ஏர்பாக்ஸ் (காற்று உள்ளே போகும் பெட்டி) மூடியை வேறு எங்கோ வெட்டித் திறந்திருந்தார்கள். அதோடு சத்தத்தை அதிகம் அடக்காத ஓப்பன் எக்ஸோஸும் மாட்டச் சொன்னார்.

எக்ஸோஸை மட்டும் மாற்றி ஏர்பாக்ஸ் மூடியைத் தொடாமல் விட்டால் பெரும்பாலும் ஜெட் (கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளை) மாற்ற வேண்டியதே இல்லை. மிக்ஸ்சர் ஸ்குரூவைப் பார்த்து, இரண்டு கார்ப்ரேட்டரையும் சமப்படுத்தினால் போதும். அப்படிச் சொல்லி எத்தனையோ பேரிடம் ஜெட் விற்காமல் அனுப்பியிருக்கிறோம், அவர்களில் பலர் இந்த மடலையும் படிப்பார்கள். மூடியை வெட்டினால் நிலைமை வேறு. காற்று கூடுகிறது, அதற்கேற்றபடி பெட்ரோல் கூடுவதில்லை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் முழுதாக எரியும். முழுத் திராட்டலில் (ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போது) நன்றாக இழுக்க வேண்டுமானால் காற்று 13 பங்கை ஒட்டி இருக்க வேண்டும். பெட்ரோல் அதற்கும் குறைந்தால் ஹெட் சூடேறும். மான்ஸ்டருக்குத் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது, பின் சிலிண்டருக்கு எதிர்க்காற்றும் குறைவாகத்தான் போய்ச் சேரும். மத்தியான வெயிலில் கோலகங்சார் சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து பாருங்கள், தொடையே சொல்லிவிடும். திராட்டலை விட்டதும் எக்ஸோஸில் பட்பட்டென்று வெடிப்பதை ரேஸ் சத்தம் என்று ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது எங்கோ காற்று கசிகிறது என்று என்ஜின் சொல்லும் சத்தம் அது.

அன்றைக்குப் பின் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தோம். பீங்கான் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது, பெட்ரோல் குறைவாகப் போவதன் அடையாளம் அது. கார்ப்ரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கிற ரப்பரை விரலால் மடித்தால் உள்பக்கம் விரிசல், அதன் வழியே காற்று கசியும். அந்த ரப்பரை மாற்றாமல் எந்த ஜெட் போட்டாலும் வீண்.

"மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டால் தீர்ந்ததே, எதற்கு முழுக் கூலி?" என்றும் அந்தப் பதிவில் கேட்கிறார். மெயின் ஜெட் முக்கால் திராட்டலுக்கு மேல்தான் வேலை செய்யும். கால் திராட்டலிலிருந்து முக்கால் வரை ஊசி (ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும் மெல்லிய கம்பி), அதற்கும் கீழே பைலட் ஜெட். டவுனுக்குள் ஓட்டும்போது முக்கால் திராட்டலை யார் தொடுகிறார்கள்? ஆகவே கார்ப்ரேட்டரைக் கழற்றி, ஊசியை உயர்த்தி, மாட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி பிளக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்டபடி பெட்ரோலை ஏற்றிவைப்பதும் தப்பு. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறுகிறவர்களுக்குத் தெரியும், மேலே காற்று அடர்த்தி குறைவதால் கீழே சரியாக இருந்த கார்ப்ரேட்டரே அங்கே பெட்ரோலைக் கூட்டித் தள்ளும். பிரிஞ்சாங் போய்ச் சேருவதற்குள் பிளக் கறுத்துவிடும்.

கார்ப்ரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டிகளான டுகாட்டி 748, 916 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலும் வரும் மரெல்லி 1.6எம் கம்ப்யூட்டர், திராட்டல் எவ்வளவு திறந்திருக்கிறது, என்ஜின் எத்தனை ஆர்பிஎம் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் பெட்ரோல் அளவைப் போடும். காற்றின் சூட்டையும் அழுத்தத்தையும் பார்த்துக் கொஞ்சம் திருத்தும், அவ்வளவே. எக்ஸோஸை மாற்றியது அதற்குத் தெரியவே தெரியாது. அதற்காக எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கை மாற்றும் சிப் வாங்காதீர்கள். முதலில் திராட்டல் சென்சாரை 150 மில்லிவோல்ட்டில் உட்கார வைத்து, இரண்டு சிலிண்டரையும் சமப்படுத்துங்கள். பாதி வண்டிகள் அதிலேயே தெளிந்துவிடும். இந்த வேலையைப் பார்த்துவந்த எங்கள் தம்பி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், வாழ்த்தித்தான் அனுப்பினோம். இனி இன்ஜெக்‌ஷன் வண்டிகள் சனிக்கிழமை மட்டும், முன்பதிவு செய்து வாருங்கள்.

எக்ஸோஸ் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் மாறவில்லை. டெர்மிக்னோனி நல்ல சாமான், ஆனால் போலிகள் ஏராளம், வாங்கும் முன் எங்களிடம் காட்டுங்கள். உங்களிடம் பழையது இருந்து சத்தம் மட்டும் கூடிப்போயிருந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழையை மாற்றினால் போதும், புதிது வேண்டாம். சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரைக் கழற்றித் தரச் சொல்லாதீர்கள். மோட்டார் வாகனச் சத்தத்துக்கு 1987-லிருந்தே விதிமுறை இருக்கிறது, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரோட்பிளாக்கில் நிற்கப்போவது நீங்கள். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கழற்றிய ஒரிஜினலை விற்றுவிடவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 2025 முதல் எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கும் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. பையன்களுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். அதனால் அடுத்த மாதம் முதல் மணிக்கூலி 20 வெள்ளி கூடுகிறது. இத்தாலி சாமான்களுக்கான முன்பணம் திருப்பித் தரப்படாது.

அந்தப் பதிவைக் கேட்டதும் போன் செய்து "நாங்கள் இருக்கிறோம்" என்று சொன்னவர்களுக்கும், தங்கள் வண்டியின் பிளக் படத்தைப் போட்டு அதே குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தோட்டத்து லயத்தில் அப்பாக்கள் ஹோண்டா கப் ஓட்டிய காலத்திலிருந்தே நம்மோடு வருகிற குடும்பங்கள் உங்களில் இருக்கின்றன. அந்த அன்பை நாங்கள் சாதாரணமாக நினைக்கவில்லை.

இனி கழற்றுகிற ஜெட், ஊசி, ரப்பர் எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, பழைய நம்பரும் புதிய நம்பரும் எழுதிப் பில்லோடு உங்கள் கையில் தருவோம். பதிவு போட்ட அண்ணனின் பொட்டலமும் கடையில் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். தீபாவளிக்குள் வண்டி வேண்டும் என்பவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், ரப்பர் வந்துசேர நாள் பிடிக்கிறது.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்,
சுங்கை சிப்புட்