பூங்காவில் அப்பாவுக்குக் குடை பிடித்த அம்மையாருக்கு

பர்மிங்ஹாம் (அலபாமா, அமெரிக்கா) தமிழ் நண்பர்களுக்கு,

அப்பா உள்ளே தூங்குகிறார். எழுதும்போதே நடுநடுவில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நினைவு தடுமாறும் அப்பா காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடியவர்கள், படத்தைக் கைப்பேசியில் பரப்பியவர்கள், குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள், கேட்காமலே சாப்பாடு கொண்டுவந்தவர்கள், பணிநேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாத காவலர் என எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஒருவரை மட்டும் அப்படிப் போய்ப் பார்க்க வழியில்லை. கெல்லி இங்ராம் பூங்காவில் அப்பாவைக் கண்டெடுத்தவர், எழுபதைத் தாண்டிய கறுப்பின அம்மையார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை, அந்த நேரத்தில்.

பூங்காவுக்குப் போனவர்களுக்கு அந்த நாய்களைத் தெரியும். பாதையின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் பல்லைக் காட்டிச் சீறிப் பாயும் உலோக நாய்கள்; நடுவே நாம் நடந்து போகவேண்டும். 1963 மே மாதம் நிறப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் வந்த கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள்மேல் போலீஸ் நாய்களை ஏவியதும் தீயணைப்புக் குழாயால் நீரைப் பீய்ச்சியடித்ததும் அந்தப் பூங்காவிலும் சுற்றுத் தெருக்களிலும்தான். நினைவு தெளிவாக இருப்பவர்களுக்கே அங்கே நெஞ்சை அடைக்கும். அப்பாவுக்கோ அவை நிஜ நாய்கள். நகர முடியாமல் நின்றிருக்கிறார்.

"வெறும் சிலைதான், பயப்படாதீர்கள்" என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்போம். அவர் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துப் புல்தரையில் இறக்கி, சுற்று வழியாக அழைத்துப் போயிருக்கிறார். மார்ட்டின் லூதர் கிங் சிலைக்கு அருகில் உட்காரவைத்து, வெயிலுக்குத் தன் குடையைப் பிடித்திருக்கிறார். தகவல் அறிந்து வந்த காவலரிடம், "சீருடையைக் கண்டு மிரளுகிறார், சற்றுத் தள்ளி நில்லுங்கள்" என்றாராம். காவலரும் மறுபேச்சில்லாமல் சாலையைக் கடந்து, பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்துப் பக்கம் போய் நின்றிருந்தார். நாங்கள் போனபோது அப்பா ஊரில் பழுதாகிக் கிடக்கும் கிணற்று மோட்டாரைப் பற்றித் தமிழில் விளக்கிக்கொண்டிருக்க, இவர் ஆங்கிலத்தில் அக்கறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்!

அப்பாவுக்கு நாய் என்றால் பயம் என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னேன். "நானும் அந்தப் பாதையில் நடப்பதில்லை" என்றார். அவ்வளவுதான். அவர் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

பூங்காவின் பெயர் 1917இல் போரில் இறந்த ஒரு கடற்படை வீரருடையது. சிலை கிங்குடையது. வீட்டில் குண்டு வெடித்த பிறகும் இந்நகரை விட்டுக்கொடுக்காமல் போராடிய கறுப்பினப் போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தின் பெயரை விமான நிலையம் தாங்குகிறது. அப்பா வந்து இறங்கியதும் அங்கேதான். 1963இல் அந்த ஊர்வலங்களில் சிறைக்குப் போன பிள்ளைகளோ ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் இன்றும் இந்தத் தெருக்களில் நமக்கு எதிரே நடந்து போகிறார்களோ! கிங் சிலை முன் விருந்தாளிகளை நிறுத்திப் படம் எடுத்ததோடு சரி, எனக்கு இது உறைத்ததேயில்லை.

அப்பாவை வாராவாரம் அங்கே கூட்டிப்போவதென்று முடிவு செய்திருக்கிறேன், புல்தரை வழியாகவே.

அவசரத்தில் அவருடைய குடை எங்கள் காரிலேயே வந்துவிட்டது. கறுப்புக் குடை, மரக் கைப்பிடி. அந்த வட்டாரத்தில் பழக்கம் உள்ளவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். அப்பாவையும் அழைத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கவேண்டும்.