குற்ற ஆவணத் தொடர்களும் கொலையுண்டவரின் குடும்பமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் இணையத் தொடர்களுக்கென்று பக்கம் ஒதுக்கி விமர்சனம் வெளியிட்டு வருகிறீர்கள். அதைத் தவறாமல் படிப்பவர்களில் நானும் ஒருவன். உண்மையில் நடந்த கொலைகளை எடுத்துக்கொண்ட ஆவணத் தொடர்களையும் கற்பனையாக எழுதப்பட்ட குற்றத் தொடர்களையும் அந்தப் பக்கத்தில் ஒரே அளவுகோலால் அளந்து, விறுவிறுப்பாக இருக்கிறதா, முடிவை முன்கூட்டியே ஊகிக்க முடிகிறதா என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. டெல்டா மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் அமர்வு வழக்குகளின் கட்டுகளைக் கையாளும் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இத்தகைய தொடர்களை விரும்பியும் பார்க்கிறேன். கற்பனைத் தொடர் எவ்வளவு இருண்டதாகவும் இருக்கலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உண்மைக் கொலையைப் படமாக்குகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை என்பது என் கருத்து.

கொலைக் கதையில் நம் மக்களுக்கு உள்ள ஈடுபாடு கைபேசியோடு வந்ததன்று. எங்காவது ஒரு கொலை நடந்துவிட்டால் சில நாட்களிலேயே அதைக் கொலைச்சிந்தாகக் கட்டி, மலிவுத் தாளில் அச்சிட்டு, சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலடியிலும் பாடி விற்ற காலம் ஒன்று இருந்தது. எங்கள் பகுதியில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் பலர் இருந்தார்கள். சிந்து பாடியவர்கள் மிகைப்படுத்தினார்கள், வேண்டாத வர்ணனைகளைச் சேர்த்தார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் பெரும்பாலான சிந்துகளில் செத்தவருக்காக ஒப்பாரி வைக்கும் அடிகள் இருந்தன. தாயோ மனைவியோ குழந்தையோ அழும் இடத்தில் பாடுகிறவர் நின்று, குரலை இறக்கிப் பாடுவார். இன்றைய ஆவணத் தொடர்கள் பலவற்றில் நான் தேடிக் காணாதது அந்த இடத்தைத்தான்.

ஒரு தொடர் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். தென்னந்தோப்புக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. அடிவயிற்றைப் பிசையும் இசை எழுகிறது. யாரோ ஒரு நடிகரின் கை கதவுத் தாழ்ப்பாளை மெல்ல நீக்குகிறது. ஓரத்தில் சிறிய எழுத்தில் 'சித்திரிக்கப்பட்ட காட்சி' என்று வருகிறது. அந்த எழுத்து மறைந்த பிறகும் காட்சி நம் மனத்தில் நடந்த உண்மையாகவே தங்கிவிடுகிறது. பிறகு சம்பவ இடத்தில் காவல்துறை எடுத்த புகைப்படம், மங்கலாக்கப்பட்டும் மங்கலாகாமலும், ஒரே பகுதியில் மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. கொலை செய்தவரின் பள்ளிப்பருவம், காதல், கையெழுத்து, சிரிப்பு எல்லாம் ஆராயப்படுகின்றன. கொல்லப்பட்டவரோ கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த ஒரு படமாக நின்றுவிடுகிறார். அவர் என்ன வேலை பார்த்தார், யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அவர் போன பிறகு அந்த வீட்டில் யார் படிப்பை நிறுத்தினார்கள் என்பது கடைசிவரை தெரிவதில்லை. அடுத்த பகுதி சில நொடிகளில் தானாகவே ஓடத் தொடங்குகிறது.

நீதிமன்றத்தில் நான் பார்த்தது வேறு. கொலை வழக்கில் சான்றுப்பொருளை அடையாளம் காட்டும் நேரம் ஒன்று உண்டு. அரக்கு முத்திரையிட்ட பழுப்புத்தாள் பொட்டலத்தை உடைத்து, இறந்தவர் உடுத்தியிருந்த சட்டையை விரித்து, சாட்சிக் கூண்டில் நிற்கும் தாயிடம் "இது யாருடையது?" என்று கேட்க வேண்டும். சட்டை மொடமொடவென்று விறைத்துப்போயிருக்கும். காய்ந்த ரத்தம் துருவின் நிறத்துக்கு வந்திருக்கும். தாய் அதை முதலில் பார்ப்பதில்லை. அதில் விட்டுப்போன பொத்தானைத் தாம் தைத்த இடத்தைத்தான் தேடுவார். அதைக் கண்டுபிடித்ததும் "என் மகனுடையதுதான்" என்பார். எழுத்தர் அதைப் பதிவு செய்வார், பொட்டலம் மீண்டும் கட்டப்படும், வழக்கு வாய்தாவுக்குப் போகும். குறுவை நடவுக் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்தவர், அடுத்த தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு புறப்படுவார். அந்தத் தேதியில் நீதிபதி விடுப்பில் இருக்கலாம், எதிரித் தரப்பு வழக்கறிஞர் அவகாசம் கேட்கலாம், முக்கிய சாட்சி முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிடலாம். ஒரு கொலை அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நடக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. இத்தனையும் காட்டாமல், கொலை நடந்த அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் ஐம்பது விதமாகக் காட்டும் ஒன்றை உண்மைத் தொடர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

எடுக்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. தடை கேட்பது தீர்வுமன்று. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட 'நக்கீரன்' இதழ் முற்பட்டபோது எழுந்த வழக்கில், அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்று 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் இருப்பதை எழுத ஒருவருடைய ஒப்புதல் தேவையில்லை என்றும், அதைத் தாண்டி அவருடைய சொந்த வாழ்க்கைக்குள் நுழைந்தால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் அத்தீர்ப்பு வரம்பு கட்டியது. அவ்வாறு அடையாளத்தை வெளியிடுவது இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இந்த அளவில் நிற்கிறது. கொலையுண்டவரின் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை.

விசாரணை முடியாத வழக்குகளைப் படமாக்குவதில் எனக்குள்ள மறுப்பு இன்னும் கடுமையானது. கேரளத்தின் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே உறவுக்குள் நேர்ந்த ஆறு மரணங்களைப் பற்றிய ஆவணப்படம், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2023 டிசம்பரில் வந்தது. 2024 பிப்ரவரியில் மும்பை வழக்கு ஒன்றைப் பற்றிய தொடரை நிறுத்தக் கோரி மத்தியப் புலனாய்வுத் துறை உயர் நீதிமன்றம் போக, நீதிபதிகள் அதைப் பார்த்துவிட்டுத் தடை விதிக்க மறுத்தார்கள். நீதிபதியின் மனம் தொலைக்காட்சியால் கலையாது என்பதை நானும் ஏற்கிறேன். சாட்சி அப்படிப்பட்டவர் இல்லை. தாம் கண்ணால் பார்த்ததையும் திரையில் பார்த்ததையும் சில ஆண்டுகள் கழித்துப் பிரித்தறிய முடியாத சாட்சியைக் குறுக்கு விசாரணையில் நொறுக்குவது எளிது. எங்கள் மாயவரத்தில் பிறந்த திரை நட்சத்திரம் தியாகராஜ பாகவதரை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் தண்டனை பெற்ற அவரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும், லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தலையிட்ட பிறகு 1947இல் விடுதலையானார்கள். இடையில் இருந்த அந்த ஆண்டுகளில் இப்படியொரு தொடர் வெளிவந்திருந்தால், விடுதலைத் தீர்ப்பை யார் காதில் வாங்கியிருப்பார்கள்? படம் எதுவும் இல்லாமலேயே பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை.

செம்மையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். டெல்லி புராரியில் 2018 ஜூலை 1 அன்று ஒரே வீட்டில் பதினொருவர் இறந்து கிடந்ததைப் பற்றி 2021இல் லீனா யாதவ் எடுத்த ஆவணத் தொடர், உறவினரையும் அண்டை வீட்டாரையும் மனநல வல்லுநர்களையும் பொறுமையாகப் பேச விட்டது. சுவரிலிருந்த பதினொரு குழாய்களை வைத்துச் செய்தி அலைவரிசைகள் அன்று அடித்த கூத்தையும் அது விட்டுவைக்கவில்லை. செல்வமணி செல்வராஜின் வீரப்பன் தொடரில் காட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்த இரு தரப்பாரும் பேசுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே எங்கள் மண்ணில் முன்மாதிரி ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதையும், 1973இல் உயர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்ததையும் அறியாதவர் இங்கே குறைவு. அதைப் பற்றிப் பாரதி கிருஷ்ணகுமார் இயக்கிய 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படத்தை முதன்முறை பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதில் திகிலூட்டும் உத்தி எதுவும் இல்லை. பிழைத்தவர்கள் தங்கள் பேச்சு வழக்கிலேயே, தங்கள் வீட்டு வாசலிலேயே, கூலி நெல்லைப் பற்றியும் அந்தக் குடிசையைப் பற்றியும் சொல்கிறார்கள். கூலித் தகராறு எப்படி அந்த இரவு வரை வந்து சேர்ந்தது என்பது அதைப் பார்த்தவருக்கு விளங்கிவிடும். ஒரு ஆவணப்படம் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

கற்பனைத் தொடர்களின் மீது பொதுவாகச் சொல்லப்படும் குறை, அவை மனத்தை இருட்டாக்குகின்றன என்பது. என் அனுபவம் அதற்கு மாறானது. கற்பனையில் காயப்பட உயிருள்ள மனிதர் எவரும் இல்லாததால், எழுதுகிறவர் அச்சமின்றி ஆழத்துக்குப் போக முடிகிறது. 'வதந்தி' தொடர், இறந்துபோன இளம்பெண் ஒருத்தியைப் பற்றி ஊரும் ஊடகமும் எத்தனை கதை கட்டும் என்பதையே கதையாக்கியது. 2025இல் வந்த 'அடலசன்ஸ்' என்ற நான்கு பகுதி ஆங்கிலத் தொடரில், கொலை செய்தவனைத்தான் எல்லோரும் நினைவில் வைப்பார்கள், கொலையுண்ட சிறுமியை மறந்துவிடுவார்கள் என்று காவல்துறைப் பெண் ஒருவரே மனம் குமைகிறார். 2012ஆம் ஆண்டு டெல்லிக் கொடுமையை அடிப்படையாகக் கொண்ட 'டெல்லி கிரைம்' முதல் பருவமும், நடந்த வன்கொடுமையைக் காட்சியாக்காமல் புலனாய்வோடு நின்றது. 2020இல் சர்வதேச எம்மி விருதும் பெற்றது. காட்டாமலேயே பதற வைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உண்மையைச் சொல்வதாக வருகிறவை கற்பனைத் தொடருக்கு இருக்கும் இந்த அடக்கத்தைக்கூடக் கடைப்பிடிக்காதது எனக்கு வேதனையளிக்கிறது.

வயது வரம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இத்தொடர்களை வெளியிடும் இணையத் தளங்கள் வயது வகை குறிக்கவும் பெற்றோர் பூட்டு வசதி தரவும் கடமைப்பட்டவை. ஒரே கைபேசி தாத்தாவிடமிருந்து பேரனுக்குக் கைமாறும் எங்கள் வீடுகளில் அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அரிது. அதை எப்படிப் போடுவது என்று தங்கள் இதழ் படத்துடன் ஒரு பக்கம் வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி உண்மைக் குற்றத் தொடர் எதற்கு விமர்சனம் எழுதினாலும், கொலையுண்டவரின் குடும்பத்தாரைப் படக்குழுவினர் சந்தித்தார்களா, அவர்கள் ஒப்புக்கொண்டார்களா, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரங்களை முதல் பத்தியிலேயே தாருங்கள். அவை கிடைக்காவிட்டால், தயாரிப்பாளரிடம் கேட்டோம், பதில் வரவில்லை என்றாவது அச்சிடுங்கள். நட்சத்திர மதிப்பெண் இடுவதை இந்த வகைக்கு மட்டுமேனும் கைவிடுங்கள். அத்துடன், டெல்டா பகுதிக் கொலை வழக்கு ஏதேனும் தொடராக வரும்போது, விமர்சகரோடு அந்த ஊருக்கு ஒரு செய்தியாளரையும் அனுப்பி, அந்தக் குடும்பம் அதைப் பார்த்ததா, பார்த்தால் என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி.