சின்னஅல்லாபுரத்து அம்மாக்களுக்கு நன்றி

வேலூரின் சின்னஅல்லாபுரம், ராம்நாயக்கன்பாளையம், கஸ்பா பகுதித் தாய்மார்களுக்கு வணக்கம். உங்களில் பலர் எனக்கு அக்கா வயது. என்னை உங்களுக்குத் தெரியாது. குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸைத் தடுக்க, என் மகளுக்குப் போன வாரம் மூன்றாவது தவணை ரோட்டா சொட்டு மருந்து போட்டோம். ஐந்தே சொட்டு, செலவு ஒன்றுமில்லை. அந்தச் சொட்டுக்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

2002-இல் நம்ம ஊர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வுக்குழு உங்கள் தெருக்களுக்கு வந்தது. பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கே வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் மலத்தை எடுத்து வைக்கவும் வேண்டும். பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, இதையும் செய்தீர்கள். சொந்தக்காரர் வாரம் இரண்டு முறை வந்தாலே நமக்கு முகம் சுளிக்கும்! 373 குழந்தைகள் மூன்று ஆண்டையும் முடித்தார்கள்.

அதில் தெரிந்தது கசப்பான செய்தி. முன்பு நடந்த ஓர் ஆய்வின்படி, மெக்சிகோவில் இரண்டு முறை ரோட்டா தொற்று வந்துபோன குழந்தைக்கு அப்புறம் கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்று முறை வந்தும் 79 சதவீதப் பாதுகாப்புதான். அங்கே ஜெயித்த மருந்து இங்கேயும் அப்படியே ஜெயிக்கும் என்று நம்ப முடியாது, இங்கேயே சோதித்தாக வேண்டும் என்பது அதனால் உறுதியானது.

இப்போது என் மகளுக்குப் போட்ட இந்தியச் சொட்டு மருந்துக்கான அந்தச் சோதனை 2011-இல் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் தொடங்கியது. 6,799 குழந்தைகள். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குக் கிடைத்தது மருந்தே இல்லாத வெறும் சொட்டு. தன் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரியாமலே சம்மதித்த அந்தத் தாய்மார்களுக்குத்தான் முதல் நன்றி. கடுமையான நோயைப் பாதிக்குச் சற்று மேல் தடுக்கிறது என்று முடிவு வந்தது. குறைச்சல்தான். ஆனால் ஆண்டுக்குச் சுமார் 78,000 பிஞ்சுகளை ரோட்டாவுக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நாட்டில் அந்தப் பாதி லேசுப்பட்டதல்ல.

மற்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. 1973-இல் இந்தக் கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியாவின் ரூத் பிஷப் குழு, டெல்லி எய்ம்ஸில் பச்சிளங்குழந்தைகளிடம் தடுப்பு மருந்துக்கேற்ற கிருமி வகையைக் கண்டெடுத்த எம்.கே. பான், வேலூர் ஆய்வுகளை நடத்திய ககன்தீப் காங், மருந்தைத் தயாரித்த ஹைதராபாத்தின் பாரத் பயோடெக், பணமும் அறிவும் தந்த அமெரிக்க, நார்வே, பிரிட்டன் அமைப்புகள். எல்லாருக்கும் நன்றி. ஐ.நா. வளர்ச்சி இலக்குகளில் கடைசியான 17-வது, நாடுகள் கைகோப்பதைப் பற்றியது. மேடைகளில் அதற்குக் கொடிகளைத்தான் வரிசையாக வைக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த வரிசையில் கஸ்பாவுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று படுகிறது.

2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய இலவசச் சொட்டு, மறுவருடம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2018-இல் பாலஸ்தீனக் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்று அந்த 373 பேரில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். உங்களில் யார் கண்ணிலாவது இது பட்டால், வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து ஒரு தகப்பன்